திரையமைப்பு: வரைதலும் எழுதுதலும்

கைத்தொலைபேசிச் செயலி ஒன்றைத் திறப்பவன் முதலிற் காண்பது அதன் திரையையே. பெயர் எழுதும் கட்டம், அழுத்தும் பொத்தான், படம், பட்டியல் என்பன எவ்வெவ்விடத்தில், எவ்வெவ்வளவில் நிற்றல் வேண்டும் என்பதை எங்கோ ஓரிடத்தில் ஒருவர் குறித்து வைத்திருத்தல் வேண்டும். அக்குறிப்பு எவ்வுருவில் அமைதல் தகும் என்பது மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்குச் சிறு வினாவாகவே தோன்றும். வரைபலகையிற் பொருள்களை இழுத்து நிறுத்தி அதனை ஒரு கோப்பாகச் சேமிப்பதா, அன்றி நிரல்மொழியில் வரிவரியாக எழுதுவதா? கோப்பெனின், திரை ஒன்றுக்கு ஒரு கோப்பா, செயலி முழுவதற்கும் ஒரே கோப்பா? இவ்வினாக்களை ஆராயாது தொழிலைத் தொடங்கியவர், செயலி பத்துத் திரைகளைத் தாண்டி, உடன் உழைக்க இரண்டாமவர் ஒருவர் வந்து சேர்ந்த பின்னரே தம் தெரிவின் விலையை அறிவர். அப்போது மாற்றியமைத்தல் எளிதன்று. அப்பிள் நிறுவனத்தின் ஐபோனுக்கென எழுதப்படும் செயலிகளைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கூகுளின் அன்ட்ரொயிட் ஒப்புநோக்கின் பொருட்டு இடையே வரும்.

இவ்வரலாறு கைத்தொலைபேசியோடு தொடங்கியதன்று. பிரான்ஸ் நாட்டவரான ழான் மாரி ஹூலோ என்பார் 1980களின் நடுப்பகுதியில், லிஸ்ப் மொழியில், திரைப்பொருள்களைச் சுட்டியினால் இழுத்து வைத்து அமைக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். ஸ்டீவ் ஜொப்ஸ் 1985இல் அப்பிளை விட்டு நீங்கி நெக்ஸ்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்த காலம் அது. ஹூலோவின் கருவி அந்நிறுவனத்திற் புத்துருப் பெற்று, 1988இல் இன்ரபேஸ் பில்டர் என்ற பெயரோடு வெளிப்போந்தது. 1990இல் டிம் பேர்ணர்ஸ் லீ என்பார் சேர்ண் ஆய்வுகூடத்தில் உலகளாவிய வலையின் முதல் உலாவியை எழுதியதும் நெக்ஸ்ட் கணினி ஒன்றிலேயே. 1996ஆம் ஆண்டின் இறுதியில் அப்பிள் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. கருவியும் அதனுடன் சென்றது. 2008ஆம் ஆண்டு யூலையில் அப்பிளின் செயலிக் கடை திறக்கப்பட்டபோது, ஐபோனுக்கு எழுத வந்த புதியோர் கையிற் கிடைத்தது இருபதாண்டுப் பழமையுடைய அக்கருவியின் வழித்தோன்றலே.

அக்கருவி சேமிக்கும் கோப்பு நிப் எனப்பட்டது. நெக்ஸ்ட் இன்ரபேஸ் பில்டர் என்பதன் முதலெழுத்துக்கள் கூடி அப்பெயராயின. இக்கோப்பின் இயல்பை ஈண்டு ஊன்றி நோக்குதல் வேண்டும். பொத்தானை வரைவதற்குரிய கட்டளைகள் இதனுள் இல்லை. பொத்தான் என்னும் பொருளே, அதன் நிறம், எழுத்து, இடம் ஆகிய பண்புகளுடன், உலர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றது. வெயிலிற் காய்ந்த வற்றல் எண்ணெயிற் பட்டதும் பொரிந்து விரிதல்போல, செயலி ஓடும்போது அப்பொருள் நினைவகத்தில் விரிந்து உயிர்பெறும். அவ்வாறு விரிந்த பொருளை நிரலோடு பிணைப்பன இருவகைத் தொடர்புகள். நிரல் திரைப்பொருளைச் சுட்டுவது அவுட்லெட். திரைப்பொருள் நிரலை அழைப்பது அக்‌ஷன். இவற்றைச் சுட்டியினால் ஒரு கோடு இழுத்து ஏற்படுத்துவர்.

இத்தொடர்பிலேயே முதற் குறை தோன்றுகின்றது. கோப்பில் அத்தொடர்பு வெறும் பெயராகவே பதிகின்றது. பெயர் பொத்தான் எனப் பதிந்திருக்க, நிரலில் அதன் பெயரை ஒருவர் அனுப்புபொத்தான் என மாற்றிவிடுகின்றார் என்க. மொழிபெயர்ப்பி, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி, கோப்பினுள்ளே நுழைந்து இதனைச் சரிபார்ப்பதில்லை. பிழையின்றி முடிந்தது என்றே அறிவிக்கும். செயலியை ஓட்டி, அத்திரையைத் திறந்த கணத்திலே, அத்தகைய பெயர் உடைய இடம் இல்லை என்ற அறிவிப்போடு செயலி வீழும். பலமுறை திறக்கப்படும் திரையாயின் பிழை உடனே வெளிப்படும். அரிதாகத் திறக்கப்படும் திரையாயின், அதனை முதலிற் காண்பவர் செயலியை வாங்கியவராகவும் இருத்தல் கூடும்.

2007ஆம் ஆண்டளவில் இக்கோப்புக்கு எக்ஸ்எம்எல் உருவில் அமைந்த ஸிப் என்னும் வடிவம் வந்தது. ஆக்கும்போது எழுத்துருவிலே ஸிப். தொலைபேசியிற் செல்லும்போது பழைய நிப். திரை ஒன்றுக்கு ஒரு ஸிப் என்பதே அக்காலத்து வழக்கு. 2010இல் ஐபாட் வந்தபோது, அதற்கெனத் தனியாக ஒரு கோப்பு வேண்டியதாயிற்று. ஒரே திரையை இருமுறை வரைந்து, ஒன்றைத் திருத்தினால் மற்றதையும் மறவாது திருத்தும் சுமை ஆக்குவோர் மேல் வீழ்ந்தது.

2011இல், ஐஓஎஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்போடு, ஸ்ரோரிபோட் அறிமுகமாயிற்று. திரைப்படக்காரர் காட்சிகளைக் கட்டங்கட்டமாக வரைந்து வைக்கும் பலகையின் பெயர் இது. செயலியின் பல திரைகளும் ஒரே கோப்பினுள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி அம்புக்குறியாகத் தோன்றும். அதற்கு செக்யூ என்று பெயர். கற்பவனுக்கு இதனினும் இனிய வாயில் கிடைத்தல் அரிது. செயலி முழுவதும் ஒரே பார்வையிற் புலப்படுகின்றது. ஒரு வரி எழுதாமலே மூன்று திரைகளுக்கிடையே நடமாட முடிகின்றது. இன்றும் ஒருவர் தனித்திருந்து நான்கைந்து திரைகளையுடைய செயலி ஒன்றை இம்முறையிற் செய்வாராயின் அவரைக் குறைகூறுதல் முறையன்று. அனுபவம் மிக்கோர் சிலர் ஸ்ரோரிபோட் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிப்பது, கருவியை நோக்கியதன்றித் தம் பழைய துன்பங்களை நோக்கியது என்றே கொள்ளுதல் வேண்டும்.

எனினும் அத்துன்பங்கள் கற்பனையல்ல. இருவர் ஒரே செயலியில் உழைக்கும் நிலையைக் கருதுக. இக்காலத்து நிரலாளர் பெரும்பாலும் கிட் என்னும் பதிப்புக்காப்புக் கருவியைக் கையாளுவர். லினக்ஸ் புகழ் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கியது அது. இருவர் ஒரே கோப்பின் வெவ்வேறு பகுதிகளைத் திருத்தினால் அது இரண்டையும் தானே இணைக்கும். ஒரே பகுதியைத் திருத்தினால், முரண்பட்ட இரு பாடங்களையும் அடையாளக் குறிகளோடு கோப்பினுள்ளேயே பொறித்து, எது கொள்ளத்தக்கது என மனிதனிடம் விட்டுவிடும். ஏட்டுப் பாடங்களை ஒப்பிட்டுப் பதிப்பித்த பதிப்பாசிரியரின் வேலை போன்றது இது. நிரல் மனிதன் எழுதியது. ஆதலின் மனிதன் வாசித்துத் தீர்ப்புக் கூறலாம். ஸ்ரோரிபோட்டோ இயந்திரம் எழுதியது. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்றெழுத்து, இரண்டெழுத்து, மூன்றெழுத்து எனப் பொருளற்ற அடையாளம் ஒன்றை அதுவே இட்டுக்கொள்கின்றது. ஒரு பொத்தானைச் சிறிது நகர்த்தினாலும் கோப்பில் எதிர்பாராத இடங்களில் எண்கள் மாறுதல் உண்டு. கருவியின் வேறு பதிப்பினாற் கோப்பைத் திறந்து பார்த்த அளவிலேயே அது மாறிவிடுதலும் உண்டு. முரண்பாட்டுக் குறிகள் உள்ளே விழுந்துவிட்டாலோ எக்ஸ்எம்எல் இலக்கணம் குலைந்து, வரைபலகை அக்கோப்பைத் திறக்கவே மறுக்கும். கண்ணாற் பார்த்துத் திருத்துவதற்கென உண்டான கோப்பைக் கண்ணாற் பார்க்க இயலாத நிலை அது. இருவருள் ஒருவரின் உழைப்பைக் கைவிட்டு மற்றவரது பாடத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுதலே பல வேளைகளில் எஞ்சும் வழி.

அப்பிள் இதனை அறியாதிருக்கவில்லை. 2013இல் எக்ஸ்கோட் ஐந்தாம் பதிப்பிற் கோப்பின் எழுத்துரு சுருக்கமும் தெளிவும் பெற்றது. 2015இல் ஏழாம் பதிப்பில், ஒரு ஸ்ரோரிபோட்டிலிருந்து மற்றொன்றைச் சுட்டும் வசதி வந்தது. அதன் பின்னர்ச் செயலியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஒரு கோப்பு, ஒரு கோப்புக்கு ஒரு காலத்தில் ஒருவர் என்ற ஒழுங்கைக் கைக்கொண்ட குழுவினர் ஓரளவு நிம்மதியாகவே இருந்தனர். ஸ்ரோரிபோட்டை விடாது பேண விரும்புவோர்க்கு இவ்வொழுங்கு இன்றியமையாதது.

இன்னுமொரு குறை சற்று நுட்பமானது. ஸ்ரோரிபோட்டினுள் இருக்கும் திரையின் கட்டுப்பாட்டுப் பொருளை ஆக்குபவர் நிரலாளர் அல்லர். ஸ்ரோரிபோட்டே அதனை ஆக்கித் தருகின்றது. ஆகவே, மாணவரின் பெறுபேற்றைக் காட்டும் திரைக்கு எந்த மாணவர் என்ற செய்தியைப் பிறக்கும்போதே கொடுக்க வழியில்லை. பிறந்த பின்னர்க் கொடுத்தல் வேண்டும். கொடுக்க மறந்தாலும் மொழிபெயர்ப்பி வாய்திறவாது. 2019இல் ஐஓஎஸ் பதின்மூன்றாம் பதிப்பில் இதற்கு வழி செய்யப்பட்டது. ஆயின் அதற்குள் எட்டாண்டுகள் கழிந்திருந்தன. அக்காலத்துக்குள் பலர் வேறு வழி தேடிச் சென்றுவிட்டனர்.

அவ்வேறு வழியாவது, கோப்பே வேண்டா, யாவற்றையும் நிரலாகவே எழுதுவோம் என்பது. அதனை விளங்கிக்கொள்வதற்கு முன்னர், இடங்குறித்தல் எனும் பொருளைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கணித மாணவர்க்கு இப்பகுதி இனிக்கும்.

முதல் ஐபோன்களின் திரை 320 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் கொண்டது. யாவும் ஒரே அளவாதலின், பொத்தானை மேலிருந்து 430ஆம் புள்ளியில் வை என்று எண்ணாற் கூறிவிட்டாற் போதுமாயிருந்தது. 2012இல் வந்த ஐபோன் ஐந்தின் உயரம் 568 புள்ளி. அதற்கெனத் திருத்தப்படாத செயலிகள், மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு, பெரிய சட்டையுள் ஒடுங்கிய சிறுவனைப்போலக் காட்சியளித்தன. 2014இல் 375 புள்ளி அகலத்தோடு ஒன்றும் 414 புள்ளி அகலத்தோடு ஒன்றும் வந்தன. எண்ணால் இடங்குறிக்கும் முறை இதனோடு முடிந்தது.

அதன் இடத்தில் வந்தது ஓட்டோ லேஅவுட். 2011இல் மாக் கணினிகளுக்கும் 2012இல் ஐபோனுக்கும் இது வழங்கப்பட்டது. இதில் இடம் நேரே குறிக்கப்படுவதில்லை; தொடர்பே குறிக்கப்படுகின்றது. பொத்தானின் இடவோரம் திரையின் இடவோரத்தோடு 16 கூட்டியதற்குச் சமன். வலவோரம் திரையின் வலவோரத்தில் 16 கழித்ததற்குச் சமன். இவ்விரு சமன்பாடுகளும் தரப்பட்டால், 375 புள்ளி அகலத் திரையிற் பொத்தானின் அகலம் 343 என்றும், 414 புள்ளித் திரையில் 382 என்றும் கருவி தானே கணித்துக்கொள்ளும். அறியாக் கணியங்களுக்கு வேண்டிய அளவு சமன்பாடு இல்லையெனின் விடை ஒன்றாகாது. மிகையாக இருந்து தம்முள் முரணினாலோ விடையே இல்லையாம். முரண் நேருமிடத்து எதனை விட்டுக்கொடுப்பது என்பதற்காக ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஒரு முதன்மை எண் தரப்படும். 1000 எனின் கட்டாயம். அதற்குக் குறைந்தது எனின் இயன்றவரை. சமனிலிகளுக்கும் இடமுண்டு. இத்தொகுதியைத் தீர்க்கும் கணிப்புமுறைக்குக் கசோவரி என்று பெயர். நியூகினித் தீவில் வாழும் பறக்கமாட்டாப் பறவை ஒன்றின் பெயரை இட்டு, 1990களில் வொஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் தொடங்கி வளர்த்த முறை அது. அதன் அடிப்படை, 1947இல் ஜோர்ஜ் டான்சிக் கண்ட சிம்ப்ளெக்ஸ் முறையே. போருக்குப் பிந்திய காலத்தில் வளங்களைப் பங்கிடுதற்கெனப் பிறந்த கணிதம், பொத்தானை நிறுத்தவும் பயன்படுவது வியப்புக்குரியது.

இச்சமன்பாடுகளை வரைபலகையிற் கோடிழுத்தும் அமைக்கலாம், நிரலிலும் எழுதலாம். முதலிற் சமன்பாடு ஒன்றை நிரலில் எழுத ஏழு உறுப்புக்கள் வேண்டியிருந்தமையால், சிறு திரைக்கும் பக்கக்கணக்கில் எழுத நேர்ந்தது. எழுதுவதிலும் வரைவதே மேல் எனப் பலர் கூறியதில் அக்காலத்து நியாயம் இருந்தது. 2015இல் அங்கர் என்ற எழுத்துமுறை வந்த பின்னர் அந்நியாயம் பெரிதும் வலியிழந்தது. ஒரு சமன்பாடு ஒரு வரியில் முடிகின்றது. அன்றியும், கிடையோரத்தை நிலையோரத்தோடு தவறிப் பிணைத்தால் மொழிபெயர்ப்பியே தடுத்துவிடுகின்றது. பெயரை மாற்றினால் எங்கும் மாறும். இருவர் திருத்தியதை இணைப்பதும் எளிது. திரைக்கு வேண்டிய செய்தியைப் பிறக்கும்போதே கேட்டுப் பெறலாம். இழப்பு ஒன்றே: எழுதுபவருக்குத் திரை கண்முன் இல்லை. எழுதி, ஓட்டி, பார்த்து, இரண்டு புள்ளி திருத்தி, மீண்டும் ஓட்டுதல் வேண்டும். மேலும், பழைய இடங்குறிப்பு முறையை அணைத்துவிடும் ஒரு வரியை ஒவ்வொரு பொருளுக்கும் எழுத மறந்தவர், முரண்பட்ட சமன்பாடுகள் பற்றிய நீண்ட எச்சரிக்கைகளிடையே ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பர்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஸிப் மறக்கப்பட்டுவிட்டது போலத் தோன்றும். அது தகாது. பட்டியல் ஒன்றின் ஒரு வரிசை போன்ற சிறு உறுப்பு, பல திரைகளிலும் மீளமீள வருமாயின், அதனைத் தனி ஸிப்பாக வரைந்து வேண்டுமிடத்தில் அழைத்துக்கொள்ளலாம். ஸ்ரோரிபோட்டினுள் வரைந்த வரிசையோ அப்பட்டியலுக்கே உரியது. வேறிடத்துக்கு எடுத்துச்செல்ல இயலாது. கோப்புச் சிறிது, ஆதலின் இருவர் மோதும் வாய்ப்பும் சிறிது.

அன்ட்ரொயிட்டில் இத்துணைக் கடுமையான வாதம் ஏன் எழவில்லை என்ற வினா நல்விளக்கம் தருவது. அங்கும் 2008 முதலே திரையமைப்பு எக்ஸ்எம்எல் கோப்பிலேதான் இருந்தது. ஆயின் அக்கோப்பை மனிதர் தம் கையாலேயே எழுதினர். வரைபலகை துணையாக மட்டும் நின்றது. பொருளின் அடையாளத்தை எழுதுபவரே பொருளுள்ள பெயராக இட்டார். அப்பெயர்கள் யாவும் நிரலினுட் பதியப்பெறும். ஆதலின் எங்கும் இல்லாத பெயரை எழுதினால் மொழிபெயர்ப்பி தடுக்கும். வேறொரு திரைக்குரிய பெயரை அழைக்கும் பிழை மட்டும் நெடுங்காலம் எஞ்சிநின்று, 2020இல் வியூ பைண்டிங் என்ற வசதியால் நீங்கிற்று. எனவே, கோப்பு என்பதே குற்றமன்று. வாசிக்கப்படாத கோப்பே குற்றம் என்பது இவ்வொப்புநோக்காற் போதரும்.

தமிழிற் செயலி செய்வார்க்கு இவ்விடத்தில் ஒரு தனிக் கவலை உண்டு. ஆங்கிலத்திற் சேவ் என நான்கெழுத்தில் முடியும் பொத்தான் தமிழிற் சேமிக்க என நீளும். கான்சல் என்பது இரத்துச்செய் என விரியும். மேலெழும் புள்ளியும் விலங்கும் கீழிறங்கும் உகரக் கீற்றும் உயரத்தையும் வேண்டுகின்றன. அகலத்தையும் உயரத்தையும் எண்ணால் இறுக்கி வரையப்பட்ட திரையில், தமிழ்ச் சொல் நடுவில் வெட்டுண்டு மூன்று புள்ளியாக முடிகின்றது. சமன்பாட்டு முறையில் எழுத்தின் இயல்பான அளவுக்கு உரிய முதன்மையைக் கொடுத்தால் இக்கேடு நேராது. 2012 முதல் ஸ்ரோரிபோட் ஒன்றையே வைத்துக்கொண்டு மொழிதோறும் சொற்பட்டியலை மட்டும் தனிக் கோப்பாக வைக்கும் வசதி உண்டு. ஆனால் அப்பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் இயந்திரம் இட்ட அந்தப் பொருளற்ற அடையாளத்தாலேயே அறியப்படுகின்றது. பொத்தானை அழித்து, அதே இடத்தில் அதே போன்ற பொத்தானை மீண்டும் வைத்தால், அடையாளம் வேறாகிவிடும். தமிழ்ச் சொல் ஓசையின்றி மறைந்து ஆங்கிலம் தலைகாட்டும். பிழையறிவிப்பு எதுவும் வாராது. தமிழ் வாசிப்போர் ஒருவர் கண்டு சொன்னாலன்றி அது திருத்தப்படாது. சொற்களை நிரலிலே தாமே இட்ட பெயரால் அழைப்போர்க்கும், அன்ட்ரொயிட்டின் சொற்பட்டியலைக் கையாள்வோர்க்கும் இவ்விடர் இல்லை. பிறமொழிக் குழுவினர் இதனைச் சிறு குறையாகக் கருதலாம். தமிழர் அவ்வாறு கருதுதல் இயலாது.

2019ஆம் ஆண்டு யூனில் அப்பிள் ஸ்விஃப்ட் யூஐ என்னும் புதுமுறையை வெளியிட்டது. இதில் திரை நிரலாகவே எழுதப்படுகின்றது. எழுத எழுத அருகிலேயே படமும் தோன்றுகின்றது. நிலைக்கு ஏற்பத் திரை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று கூறினாற் போதும். நிலை மாறுந்தோறும் திரையை மாற்றுவது கருவியின் கடமை. முதற் சில ஆண்டுகள் இதனை ஏற்பதற்குத் தடை இருந்தது. ஐஓஎஸ் பதின்மூன்றாம் பதிப்புக்கு முந்திய தொலைபேசிகளில் இது ஓடாது. ஐபோன் ஆறு போன்றவை பன்னிரண்டாம் பதிப்போடு நின்றுவிட்டன. அத்தடை இன்று பொருட்படுத்தத்தக்கதன்று. கூகுளும் 2021ஆம் ஆண்டு யூலையில் ஜெட்பக் கொம்போஸ் என்ற முறையின் முதற் பதிப்பை வெளியிட்டு எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து நிரலுக்கே திரும்பிற்று. இருபெரு நிறுவனங்களும் வெவ்வேறு வழியால் நடந்து ஒரே முடிவை அடைந்தமையின், இன்று புதிதாகத் தொடங்குவோர் இம்முறைகளை மேற்கொள்ளுதலே தக்கது.

ஆயினும் கற்கும் மாணவர் பழையதை முற்றாக விடுதல் கூடாது. வேலைக்குச் செல்லுமிடத்தில் அவர் கையில் வருவது பெரும்பாலும் பிறர் எழுதிய செயலியே. அதில் ஸ்ரோரிபோட் இருக்கும், ஸிப் இருக்கும், அங்கர்களும் இருக்கும். அதனை ஒரே நாளில் இடித்துக் கட்ட முனைதல் பேதைமை. புதுமுறைத் திரையைப் பழையதனுள்ளும் பழைய உறுப்பைப் புதியதனுள்ளும் பொதிந்து வைக்க வழியுண்டு. ஒரு திரைக்குப் பெருந்திருத்தம் வேண்டும் காலம் வரும்போது அத்திரையை மட்டும் மாற்றிச் செல்லலாம்.

முழுவதும் நிரலால் எழுதப்பட்ட பல செயலிகளிலும் ஒரு சிறு ஸ்ரோரிபோட் எஞ்சி நிற்பதைக் காணலாம். அது தொடக்கத் திரைக்குரியது. செயலியின் சின்னத்தைத் தொட்ட கணத்திற்கும் அதன் நிரல் ஓடத் தொடங்கும் கணத்திற்கும் இடைப்பட்ட நேரத்தில், இயங்குதளமே ஏதேனுமொன்றைக் காட்டியாதல் வேண்டும். நிரல் இன்னும் விழிக்கவில்லை. ஆதலின் நிரலால் வரைய இயலாது. 2020இல் வந்த பதினான்காம் பதிப்பு முதல் இதனைச் செயலியின் விவரக் கோப்பிற் சில சொற்களாலும் குறிக்கலாமாயினும், பலர் பழைய கோப்பையே வைத்திருக்கின்றனர். ஓடும் நிரல் இன்றித் தானே நிற்கவல்ல வற்றலுக்கு அங்கே இன்னும் வேலை இருக்கின்றது.